‘உலக நாடுகளில் ஆங்கிலம்’ சுவர்ப் படம்: வாங்கலாமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்காக, ஆங்கிலம் எந்தெந்த நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கிறது என்று காட்டும் ஒரு பெரிய உலகப் படத்தை ஆன்லைனில் வாங்கினேன். விலை 450 ரூபாய். இதே படத்தை இரண்டு மூன்று பெயர்களில் விற்கிறார்கள், மேல் உறை மட்டும் வேறு, அதனால் கம்பெனி பெயரைச் சொல்லிப் பயனில்லை. மூன்று நிறத்தில் நாடுகளைப் பிரித்து, இடது ஓரத்தில் நாடுகளின் பட்டியலும் கீழே சர்வதேச அமைப்புகள் பற்றி ஒரு சிறு கட்டமும் இருந்தால், நான் சொல்வது அந்தப் படம்தான்.

முதலில் பொருள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். தாள் தடிமனாக இருக்கிறது, இரண்டு பக்கமும் லேமினேட் செய்திருக்கிறார்கள், மேலும் கீழும் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள், மின்விசிறிக் காற்றில் ஆடினாலும் ஓரம் சுருளவில்லை. எழுத்து தமிழில் தெளிவாக இருக்கிறது, கடைசி பெஞ்சிலிருந்து நாட்டின் பெயரைப் படிக்க முடிகிறது. பசிபிக் தீவுகளுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் தனித்தனி வட்டம் போட்டுப் பெரிதாக்கிக் காட்டியிருப்பது நல்ல வேலை, இந்த விலையில் வரும் படங்களில் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் புள்ளி வைத்து முடித்துவிடுவார்கள். வொயிட்போர்டு மார்க்கரால் படத்தின் மேலேயே எழுதி அழிக்கலாம். எனக்கு இதில் மிகவும் பயன்பட்டது அந்த ஒன்றுதான், ஏன் என்று பின்னால் வருகிறது.

இனி உள்ளே இருக்கும் சரக்கு. அடர் நீலம் என்றால் ஆங்கிலம் ஆட்சிமொழி, மக்களில் பெரும்பாலோர் பேசுவதும் அதுவே. வெளிர் நீலம் என்றால் ஆட்சிமொழி, ஆனால் பெரும்பாலோர் வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள். சாம்பல் என்றால் ஆட்சிமொழி இல்லை. பார்த்தவுடன் புரிகிற ஏற்பாடு. ஆனால் ஆட்சிமொழி என்று யார் சொன்னது, எந்தச் சட்டம் சொன்னது, எந்த இடத்தில் செல்லும், எதுவரை செல்லும் என்று ஒரு மாணவர் கேட்டால் இந்தப் படத்தில் பதில் கிடையாது. தேர்வில் கேட்பதோ அதைத்தான். தேர்வை விடுங்கள், ஒரு நாட்டில் வாழ்கிற மனிதருக்கு அன்றாடம் வந்து இடிப்பதும் அதுதான்.

அடர் நீலத்தில் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் சொந்த வீடு என்று நாம் நினைக்கும் இந்த நாடுகளில்தான் சட்டம் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறது. பிரிட்டனில் ஆங்கிலம் ஆட்சிமொழி என்று அறிவிக்கும் சட்டம் இல்லை. ஆனால் வேல்ஸில் வெல்ஷ் மொழிக்கு 2011இல் சட்டம் போட்டு அந்தத் தகுதி கொடுத்தார்கள். நியூசிலாந்தில் 1987இல் மாவோரி மொழிக்கும் 2006இல் சைகை மொழிக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது, ஆங்கிலம் வழக்கத்தின் பலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. அதையும் சட்டமாக்குவோம் என்று 2023இல் ஏற்பட்ட கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். அழியும் என்ற பயம் உள்ள மொழிக்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது, எல்லா நாற்காலியிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மொழிக்குத் தேவைப்படுவதில்லை. இதை ஒரு சிறு குறியீடு போட்டுக் காட்டியிருந்தால் படத்தின் மதிப்பே கூடியிருக்கும்.

அமெரிக்கா விஷயத்தில் படம் சொல்வது இப்போது ஒருவகையில் சரி. 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்துப் போட்டு ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்தார். அதுவரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் அந்த நாட்டுக்கு மத்திய அளவில் ஆட்சிமொழி என்று ஒன்று கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மட்டும் தங்கள் அளவில் ஆங்கிலத்தை அறிவித்திருந்தன, ஹவாய் மாநிலம் 1978இலேயே ஹவாய் மொழியையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை, அடுத்து வரும் அதிபர் இன்னொரு கையெழுத்தில் இதை ரத்து செய்ய முடியும். ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கு அரசு அலுவலகங்கள் மொழி உதவி செய்ய வேண்டும் என்று 2000இல் கிளின்டன் போட்ட ஆணையையும் இதே ஆணை ரத்து செய்தது. ஆட்சிமொழி என்ற அறிவிப்பால் அங்கே உண்மையில் யாருக்கு என்ன மாறக்கூடும் என்று கேட்டால் இந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் வகுப்பில் அமெரிக்காவின் மேல் மார்க்கரால் ‘2025, ஆணை மட்டும்’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இந்தியாவை வெளிர் நீலத்தில் போட்டிருக்கிறார்கள். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் ஒரு படத்தில் இந்தியாவுக்கு இது போதவே போதாது, இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தி என்கிறது. ஆங்கிலத்துக்கு 15 ஆண்டு, அதாவது 1965 ஜனவரி 26 வரை. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஆங்கிலம் இல்லவே இல்லை. அப்படியிருக்க இன்றைக்கும் அது ஏன் இருக்கிறது என்றால், 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்றது, அந்த ‘லாம்’ யாருக்கும் நம்பிக்கை தரவில்லை, 1964 ஜனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார், அடுத்த ஆண்டு ஜனவரி 26 நெருங்கியபோது மதராஸ் மாநிலம் முழுக்க மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் 1967இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அத்தனையும் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, அதற்குப் பிறகு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலத்தை நிறுத்த முடியும் என்பது அந்தத் திருத்தம். ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் நடக்காது. இவ்வளவு விலை கொடுத்து வந்த ஒரு ஏற்பாட்டை, பக்கத்தில் ஒரு வரி கூட இல்லாமல், ஒரு வெளிர் நீலத்தில் பூசி முடித்துவிட்டால் எப்படி?

மாநிலங்களைப் பிரித்துக் காட்டியிருக்கலாம், இடம் இருக்கிறது. நாகாலாந்து, மேகாலயா, அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றில் மாநில ஆட்சிமொழியே ஆங்கிலம்தான். தமிழ்நாட்டில் 1956 சட்டப்படி தமிழ். மத்திய அரசின் 1976 ஆட்சிமொழி விதிகளைத் திறந்தால், இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும், ஒவ்வொரு பேட்சிலும் வரும், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் ‘மொழிப் போராட்டம்’ என்று ஒரு பத்தியாகப் படித்தது இன்னும் நடைமுறையில் இருக்கும் ஒரு விதியில் வந்து நிற்பதை அவர்கள் அப்போதுதான் பார்க்கிறார்கள்.

நீதிமன்றம் இன்னொரு கதை. 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம். குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு ஆளுநர் வேறு மொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கையில் அனுமதிக்கலாம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கும் இந்திக்கு அந்த அனுமதியைப் பெற்றிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழைக் கொண்டுவரத் தமிழ்நாடும் கேட்டது, ஒப்புதல் கிடைக்கவில்லை. தன் நிலத்துக்காக வழக்குப் போட்ட ஒரு பெரியவர், தன் வக்கீல் தனக்காக என்ன பேசுகிறார் என்று புரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இந்த ஒரு பிரிவு. ஆட்சிமொழிப் படம் வரைகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதிகமா?

அந்த ‘15 ஆண்டு’ கணக்கு இந்தியாவில் மட்டும் நடந்ததில்லை. பாகிஸ்தானின் 1973 அரசியலமைப்பு, 251ஆம் பிரிவில், உருதுவைத் தேசிய மொழி என்று சொல்லி, 15 ஆண்டுக்குள் அதை அரசு வேலைக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவரை ஆங்கிலம் இருக்கலாம் என்கிறது. அந்தக் கெடு 1988இல் முடிந்தது. 2015இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் இனியாவது உருதுவைக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் 1987இல் எழுதியதில் ஃபிலிப்பினோவும், ‘சட்டம் வேறுவிதமாகச் சொல்லும் வரை’ ஆங்கிலமும் என்று இருக்கிறது, சட்டம் இன்னும் வேறுவிதமாகச் சொல்லவில்லை. மலேசியா மட்டும் கெடு வைத்ததைச் செய்து காட்டியது. 1957இல் விடுதலை, பத்து ஆண்டுக்கு ஆங்கிலம், 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்து மலாய்க்கு மாறினார்கள், நீதிமன்றத்தில் மட்டும் தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு இன்னும் வழி இருக்கிறது. தான்சானியா 2021இல் நீதிமன்ற மொழியைச் சுவாஹிலிக்கு மாற்றியது. ஆக, தற்காலிகம் என்று உள்ளே வந்த ஆங்கிலம் சில நாட்டில் நிரந்தரமாகிவிட்டது, சில நாட்டில் மெல்ல இடம் விட்டது. இந்த வித்தியாசத்துக்கு நான்காவதாக ஒரு நிறம், குறைந்தது கோடு போட்ட வெளிர் நீலம், கொடுத்திருந்தால் இந்தப் படத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடத் தரலாம்.

அப்புறம் நேரடியான பிழைகள். இலங்கையை வெளிர் நீலத்தில் போட்டிருக்கிறார்கள். இது தவறு, சின்னத் தவறும் இல்லை. இலங்கை அரசியலமைப்பின் 18ஆம் பிரிவில் சிங்களம் ஆட்சிமொழி, தமிழும் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று மூன்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. தமிழ் அந்த வரியில் ஏறியது 1987இல், 13ஆம் திருத்தத்தில். 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்ததிலிருந்து அந்த ஒரு வரிக்கு என்ன நடந்தது என்று தமிழில் படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் அச்சிட்ட ஒரு படம், ஓரத்துப் பட்டியலில் இலங்கைக்கு நேராக ‘ஆங்கிலம், சிங்களம்’ என்று போட்டிருக்கிறது. தமிழைக் காணோம்! இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. விற்ற கடைக்கும் அச்சிட்டவர்களுக்கும் எழுதினேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது, அடுத்த அச்சில் திருத்துவோம் என்று ஒரு வார்த்தை இல்லை.

ருவாண்டா சாம்பலில் இருக்கிறது. அது பெல்ஜியம் ஆண்ட நாடு, பிரெஞ்சு பேசும் நாடு என்ற பழைய கணக்கில் விட்டுவிட்டார்கள் போல. அங்கே ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, 2008இல் பள்ளிக்கூடப் பாடமொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், அடுத்த ஆண்டே காமன்வெல்த்தில் சேர்ந்தார்கள். கீழே உள்ள கட்டத்தில் ஐ.நா.வின் ஆறு மொழிகளைச் சரியாகத் தந்திருக்கிறார்கள், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘பிரிட்டன் வெளியேறியதால் ஆங்கிலம் நீங்கியது’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். நீங்கவில்லை. 2020இல் பிரிட்டன் போன பிறகும் 24 மொழிகளில் ஆங்கிலம் இருக்கிறது, அயர்லாந்தும் மால்டாவும் உள்ளேதான் இருக்கின்றன, எடுக்க வேண்டுமென்றால் உறுப்பு நாடுகள் எல்லாம் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிழை இல்லாமல் இருந்தும் என்னை உறுத்துகிற நாடு கேமரூன். பிரெஞ்சும் ஆங்கிலமும் சமம் என்று அரசியலமைப்பு சொல்கிறது, அதனால் வெளிர் நீலம், சரி. பத்துப் பிராந்தியங்களில் எட்டில் பிரெஞ்சு, வடமேற்கு, தென்மேற்கு என்ற இரண்டில் மட்டும் ஆங்கிலம். பிரிட்டன் வைத்திருந்த பகுதி 1961இல் வந்து சேர்ந்தபோது கூட்டாட்சி என்று பேசித்தான் சேர்ந்தது, 1972இல் அந்தக் கூட்டாட்சியை எடுத்துவிட்டார்கள். 2016இல் அங்குள்ள வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள், ஏன் என்றால் தங்கள் நீதிமன்றங்களுக்குப் பிரெஞ்சு மட்டும் தெரிந்த நீதிபதிகளை அனுப்புகிறார்கள், சட்டங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கூட வருவதில்லை என்று. ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். அரசு அடக்கியது, 2017 தொடக்கத்தில் அந்த இரண்டு பிராந்தியங்களிலும் இணையத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது, பிறகு அது ஆயுதச் சண்டையாகி ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். காகிதத்தில் சமம் என்று எழுதிய மொழி, வழக்கு நடக்கும் அறைக்குள் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. நமீபியாவும் இதே வெளிர் நீலம்தான். அங்கே வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் மிகச் சிலர், ஆனாலும் 1990இல் விடுதலை வந்தபோது ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழியாக வைத்தார்கள், தங்களை அடக்கிய தென்னாப்பிரிக்க ஆட்சியின் ஆப்பிரிக்கான்ஸ் வேண்டாம் என்பதற்காகவும், உள்நாட்டு மொழி ஒன்றைத் தூக்கி மற்றதைத் தாழ்த்த வேண்டாம் என்பதற்காகவும். ஒருவர் விரும்பி எடுத்துக்கொண்டது, இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மறுத்தது, இரண்டுக்கும் ஒரே நிறம்.

மொரீஷியஸை வட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்டியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன், ஆனால் அங்கேயும் விஷயம் கொஞ்சம் வேறு. அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு ஆங்கிலத்தைச் சட்டமன்றத்தின் மொழி என்றுதான் சொல்கிறது, உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்கிறது, நாட்டின் ஆட்சிமொழி இது என்று எங்கும் சொல்லவில்லை, மக்கள் பேசுவதோ கிரியோல். அவர்களுடைய ரூபாய் நோட்டில் ஆங்கிலத்தோடு தமிழும் இந்தியும் உண்டு. 1998இல் வந்த நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போய்விட்டது என்று அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். சிங்கப்பூரைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள், நான்கு ஆட்சிமொழிகளும் பட்டியலில் இருக்கின்றன, தமிழ் உட்பட. தேசிய மொழி மலாய் என்பதையும் தனியாகக் குறித்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் முழு மதிப்பெண் வாங்கும் நாடு அதுதான். இந்தக் கவனத்தை இலங்கைக்கும் காட்டியிருக்கக் கூடாதா?

சரி, வாங்கலாமா? ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாடுகள் எங்கே இருக்கின்றன என்று காட்ட, வீட்டுச் சுவருக்கு, வாங்கலாம். அந்த விலைக்கு அச்சும் தாளும் தரமானவை. இலங்கைக்கும் ருவாண்டாவுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருத்திவிட்டு மாட்டுங்கள். குரூப் 1, குரூப் 2 படிக்கிறவர்கள் இதை நம்பிக் குறிப்பு எடுக்க வேண்டாம். 343 முதல் 351 வரையிலான பிரிவுகளை அரசியலமைப்பிலிருந்தே படியுங்கள், ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும், கூடவே 1963 சட்டத்தின் 3ஆம் பிரிவையும் பாருங்கள். என்னைப் போல வகுப்பில் மாட்டுகிறவர்கள் மார்க்கரை எடுத்து ஒவ்வொரு நாட்டின் மேலும் ஆண்டையும், நீதிமன்றமா நாடாளுமன்றமா பள்ளியா என்பதையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், அப்போது படம் உயிர் பெறுகிறது, விவாதமும் நன்றாக வருகிறது.

ஐந்துக்கு இரண்டரை. அச்சுக்கு இரண்டு, சிங்கப்பூருக்கு அரை. இலங்கைக்கு நேரே தமிழ் என்ற சொல் வரும் அச்சு வெளியானால் மதிப்பெண்ணைக் கூட்டி மறுபடி எழுதுகிறேன்.